லாசாவுக்கு எத்தனை தப்படி?

செக்குமாட்டின் நடையைப் பற்றி என்றாவது யோசித்திருக்கிறீர்களா? மின்சாரச் செக்குகள் வந்த பிறகு மாடு பூட்டிய செக்கைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆயினும் "செக்குமாடு போல" என்னும் பேச்சு நம்மிடையே நிலைத்துவிட்டது. மாடு சுற்றும் வட்டத்தின் ஆரம் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 22 மீட்டர். 500 முறை சுற்றினால் 11 கிலோமீட்டர். இவ்வளவு நடந்த மாடு, பொழுது சாயும்போது நிற்கும் இடம் எது? காலையில் அதைப் பூட்டிய அதே இடம்தான்.

பௌதிகப் பாடத்தில் இதை இரண்டு சொற்களால் கூறுவார்கள். மாடு கடந்த தொலைவு 11 கிலோமீட்டர். அதன் இடப்பெயர்ச்சி பூஜ்யம். தொலைவு என்பது நடந்த பாதையின் மொத்த நீளம். இடப்பெயர்ச்சி என்பது, புறப்பட்ட இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடத்துக்கு நூல் பிடித்தாற்போல் இழுத்த நேர்கோட்டின் நீளமும் அதன் திசையும் சேர்ந்தது. தொலைவுக்கு அளவு மட்டும் உண்டு. ஆகவே அது ஸ்கேலார். இடப்பெயர்ச்சிக்கு அளவும் திசையும் உண்டு. ஆகவே அது வெக்டர்.

தேர்வு எழுத இவ்வளவு போதும். ஆனால் சிந்திக்கும் மாணவர் ஒருவர் இங்கே ஒரு கேள்வியை எழுப்பலாம். நாள் முழுவதும் பாடுபட்ட மாட்டின் நடையைப் பூஜ்யம் என்று கூறும் ஓர் அளவு நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வியே. இதற்கு விடை தேடி நாம் இமயமலைக்கு அப்பால் செல்ல வேண்டியிருக்கிறது. சுமார் 160 ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர், கையில் ஜெபமாலையுடன், தம் காலடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே அங்கே நடந்தார். அவர் நடையிலிருந்து ஒரு நாட்டின் வரைபடம் பிறந்தது. தொலைவை இடப்பெயர்ச்சியாக மாற்றத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது.

சாலை காட்டிய தூரம்

முதலில் நம் ஊர்ப்பக்கம் நடந்த ஒரு செய்தியைப் பார்த்துவிடுவோம். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வரைபடம் தீட்டியவர்களுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது சாலைத் தூரமே. படைகள் செல்லும் வழியில் அளவைச் சக்கரம் ஒன்றை உருட்டிச் செல்வார்கள். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று அதில் பொருத்திய கருவி காட்டும். அதைக் கொண்டு ஊருக்கு ஊர் எத்தனை மைல் என்று குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் சாலை நேராகவா செல்கிறது? ஏரியைச் சுற்றும், குன்றைச் சுற்றும், ஆற்றைக் கடக்கத் துறை தேடி வளையும். சக்கரம் இந்த வளைவுகளையெல்லாம் சேர்த்தே எண்ணும். வரைபடத்துக்கு வேண்டியதோ இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள நேர்கோடு. இங்கே ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள். நடந்த தொலைவு ஒருபோதும் இடப்பெயர்ச்சியின் அளவைவிடக் குறைவாக இராது. நேராக நடந்தால் இரண்டும் சமம். வளைந்து நடந்தால் தொலைவுதான் எப்போதும் அதிகம். ஆகவே சாலைத் தூரத்தை அப்படியே படத்தில் ஏற்றினால் நாடு உப்பிப் பெருத்துவிடும்.

1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு மிகத் துல்லியமாக அளந்தார். அதன் பிறகு அவர் சாலைகளை நம்பவில்லை. அந்தக் கோட்டை ஒரு பக்கமாகக் கொண்டு, குன்றுகளின் உச்சிகளையும் கோபுரங்களையும் தியோடலைட் என்னும் கோணமானியால் நோக்கி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு மேற்குக் கடற்கரை வரை சென்றார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே சுமார் 400 மைல் என்று முன்பு கருதப்பட்டு வந்தது. லாம்டனின் கணக்கில் அது 360 மைலாகச் சுருங்கியது! பழைய பிழைக்குச் சாலைக் கணக்கு ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய்ந்தது பாருங்கள்: கூடுதல் பக்கம்.

கோணமானி போக முடியாத நாடு

லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயமலையின் அடிவாரத்தை எட்டியது. அதற்கு அப்பால் திபெத். அந்நாட்டின் எல்லை அந்நியருக்கு மூடப்பட்டிருந்தது. பெரிய கருவிகளைத் தூக்கிக்கொண்டு மலை உச்சியில் நின்று கோணம் பார்ப்பதென்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். லாசா நகரம் எங்கே இருக்கிறது என்பதே ஐரோப்பியப் படங்களில் உறுதியாகத் தெரியாமல் இருந்தது.

ஆனால் எல்லையோர மலைவாசிகளான வணிகர்கள் திபெத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பலாம் என்று அளவைத் துறையைச் சேர்ந்த தாமஸ் மான்ட்கோமரி திட்டமிட்டார். அவ்வாறு 1863-இல் டேராடூனில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் நயின் சிங். குமாவோன் பகுதியில், ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் கிராமத்தில் பிறந்தவர். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதனால் "பண்டிட்" என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரோடு உறவினரான மணி சிங்கும் பயிற்சி பெற்றார்.

அரசியல் காரணங்களுக்காகவே ஆங்கில அரசு இந்த வரைபடத்தை விரும்பியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிடிபட்டால் உயிர் போகக்கூடிய அந்த வேலையை மேற்கொண்டவர்கள் மலைநாட்டு எளிய மனிதர்கள். கணக்குப் பிசகாமல் அதைச் செய்தார்கள் என்பதே நாம் வியந்து பார்க்க வேண்டியது.

நூறு மணிகள்

ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 தப்படி வருமாறு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே சீராக அடியெடுத்து வைக்க நயின் சிங் பழகிக்கொண்டார். எண்ணிக்கை தவறாமல் இருக்க ஓர் உபாயம் செய்யப்பட்டது. பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். இவருடைய மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு தப்படிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு முறை சுற்றி வந்தால் 10,000 தப்படி, அதாவது 5 மைல். பார்ப்பவர்களுக்கு அவர் ஜெபம் செய்துகொண்டு போகும் யாத்திரிகர்!

தப்படி தொலைவைத் தந்தது. ஆனால் தொலைவு மட்டும் தெரிந்தால் என்ன பயன்? "புறப்பட்ட இடத்திலிருந்து 20 மைல் நடந்தேன்" என்று ஒருவர் சொன்னால், 20 மைல் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்துக்குள் அவர் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே நயின் சிங் காந்த ஊசியையும் கொண்டு சென்றார். பாதை திரும்பும் இடத்தில் எல்லாம் புதிய திசையைக் கோணமாக அளந்தார். இந்தக் குறிப்புகளைக் கையில் சுழற்றும் ஜெபச் சக்கரத்துக்குள், மந்திரச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒளித்து வைத்தார். யாராவது நெருங்கி வந்தால் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுவார். ஜெபத்தில் ஆழ்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க யாரும் விரும்பமாட்டார்கள் அல்லவா?

இவ்வாறு அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு செய்திகள் இருந்தன: எத்தனை தப்படி, எந்தத் திசை. அளவும் திசையும்! நாம் வெக்டர் என்று படிப்பது அதுவேதான்.

இரண்டு பத்திக் கணக்கு

இந்தக் குறிப்புகளிலிருந்து வரைபடம் எவ்வாறு கிடைக்கும்? ஓர் எளிய உதாரணம் பார்ப்போம். ஒருவர் முதலில் வடக்கே 10,000 தப்படி நடக்கிறார். மாலை ஒரு சுற்று, 5 மைல். பிறகு கிழக்கே திரும்பி 24,000 தப்படி நடக்கிறார். இரண்டு சுற்றும் நாற்பது மணிகளும், 12 மைல். நடந்த தொலைவு 17 மைல். இடப்பெயர்ச்சியோ? பிதாகரஸ் தேற்றப்படி 5-இன் வர்க்கம் 25, 12-இன் வர்க்கம் 144, கூட்டினால் 169, அதன் வர்க்கமூலம் 13. ஆக 13 மைல், கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 23 டிகிரி சாய்ந்த திசையில்.

பாதை வடகிழக்காகவோ தென்மேற்காகவோ சாய்ந்து சென்றாலும் முறை இதுவே. ஒவ்வொரு துண்டையும் வடக்கு-தெற்கு என்றும் கிழக்கு-மேற்கு என்றும் இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பத்திகளில் எழுத வேண்டும். வடக்கையும் கிழக்கையும் கூட்டலாகவும், தெற்கையும் மேற்கையும் கழித்தலாகவும் கொண்டு, பத்திகளைத் தனித்தனியே கூட்டினால் மொத்த இடப்பெயர்ச்சி கிடைத்துவிடும். கடலோடிகள் இந்தக் கணக்கை நெடுங்காலமாகவே செய்து வந்தனர். அதற்கென்று வாய்பாட்டுப் புத்தகங்களும் வைத்திருந்தனர்.

"வெக்டர்" என்ற சொல்லை அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் 1840-களில்தான் இப்பொருளில் வழங்கினார். லத்தீன் மொழியில் அதற்குச் "சுமந்து செல்வது" என்று பொருள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நம்மைச் சுமந்து செல்வது என்று கொள்ளலாம். இன்று பாடநூல்களில் காணும் வெக்டர் கணிதத்தை அமெரிக்காவில் கிப்ஸ் என்பவர் தம் மாணவர்களுக்காக அச்சிடத் தொடங்கியது 1881-இல். பெயர் பரவுவதற்கு முன்பே பொருள் நடைமுறையில் இருந்தது.

கிழக்கே போக மேற்கே நடந்தவர்

1865 மார்ச்சில் நயின் சிங்கும் மணி சிங்கும் காட்மாண்டுவை அடைந்தனர். அங்கிருந்து லாசா, நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். பெரும்பாலும் கிழக்குத் திசை. ஆனால் வழி அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. எல்லைக் காவலர்கள் சந்தேகித்துத் திருப்பி அனுப்பினார்கள். இருவரும் பிரிந்தனர். நயின் சிங் லடாக் வணிகரைப் போல் வேடம் மாற்றிக்கொண்டு மீண்டும் முயன்று, செப்டம்பரில் சாங்போ ஆற்றங்கரைக்கு அருகிலுள்ள டிராடோம் மடத்தை அடைந்தார்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டிராடோம், காட்மாண்டுவுக்கும் மேற்கே இருக்கிறது! ஆறு மாதம் அலைந்த பிறகு அவர் லாசாவிலிருந்து முன்பைவிடத் தொலைவில் நின்றார். மாலையின் மணிகள் கூடிக்கொண்டே போயின. ஆனால் கிழக்கு-மேற்குப் பத்தியில் கிடைத்ததோ கழித்தல் குறி. அங்கிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு சேர்ந்து கிழக்கே நடந்து, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார்.

லாசாவில் சுமார் மூன்று மாதம் தங்கினார். கையில் பணம் தீர்ந்தபோது வணிகர்களுக்குக் கணக்கெழுதும் முறை கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். அனுமதியின்றி நகருக்குள் வந்த ஒருவர் தலை வெட்டப்பட்டதைக் கண்டு அஞ்சி, பெரும்பாலும் வெளியே வராமல் இருந்தார். இரவில் மட்டும், பெட்டியின் அடியில் மறைத்து வைத்திருந்த செக்ஸ்டன்ட் கருவியை எடுத்து விண்மீன்களின் உயரத்தை அளந்தார். சோழிகளுக்குள் அடைத்துக் கொண்டுவந்த பாதரசத்தைத் திருவோட்டில் ஊற்றினால் அதன் சமமான பரப்பு அவருக்குச் செயற்கையான தொடுவானமாகும். லாசாவின் அட்சரேகை 29 டிகிரி 39 நிமிடம் என்று அவர் கண்டார். இன்றைய படங்களும் அதையே காட்டுகின்றன.

அவ்வாறாயின் தப்படி எண்ணியதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். விண்மீனின் உயரம் அட்சரேகையைத்தான் சொல்லும். அதாவது வடக்கு-தெற்குச் செய்தியை மட்டும் தரும். கிழக்கு-மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் கால் டிகிரி பிழை. லாசாவின் அட்சரேகையில் அது சுமார் 24 கிலோமீட்டர்! மாதக்கணக்கில் மலைப்பாதையில் குலுங்கும் கடிகாரத்தை எப்படி நம்புவது? மேலும் டிராடோமிலிருந்து லாசா செல்லும் நீண்ட வழி ஏறத்தாழ நேர் கிழக்கு. அங்கே விண்மீன்கள் கைகொடுக்கவில்லை. லாசா எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதைத் தப்படிகளும் காந்த ஊசியும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தவறை எப்படிக் கண்டுபிடிப்பது?

1866 ஏப்ரலில் புறப்பட்டு, சாங்போ ஆற்றை ஒட்டி மேற்கே மானசரோவர் வரை நடந்து, அவ்வாண்டு இறுதிக்குள் நயின் சிங் இந்தியா திரும்பினார். அவர் எண்ணி நடந்தது சுமார் 1,200 மைல். ஏறத்தாழ 25 லட்சம் தப்படி. ஜெபமாலை 250 முறை சுற்றியிருக்கும்.

இப்போது அளவைத் துறையின் முன் முக்கியமான கேள்வி எழுந்தது. இந்த எண்ணிக்கையை நம்பலாமா? பனியில் கால் சறுக்கியிருக்கும். ஏற்றத்தில் தப்படி குறுகியிருக்கும். கூட யாரும் இல்லை.

நடந்த தொலைவை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சோதிக்கவே முடியாது. 1,200 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவது? ஆனால் இடப்பெயர்ச்சியைச் சோதிக்கலாம். காட்மாண்டுவின் இருப்பிடம் முன்பே தெரியும். மானசரோவரின் இருப்பிடமும் முந்திய பயணிகளால் அறியப்பட்டிருந்தது. முதலிலிருந்து இரண்டாவதற்கு உண்மையான இடப்பெயர்ச்சி இவ்வளவு என்று படத்திலிருந்தே அளந்துகொள்ளலாம். பண்டிட்டின் பத்திகளைக் கூட்டி வரும் விடை அதனோடு ஒத்துப்போனால், இடையில் உள்ள லாசாவின் இடத்தையும் நம்பலாம். பாதை வடக்கு தெற்காகச் செல்லும் இடங்களில் அட்சரேகை வேறுபாட்டைக் கொண்டு தப்படியின் நீளத்தையே சரிபார்க்கலாம். இந்தச் சோதனைகளில் நயின் சிங்கின் நடை தேறியது. 1877-இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2004-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது.

பூஜ்யத்தின் பயன்

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். நயின் சிங்கின் உறவினரான கிஷன் சிங் இன்னும் நெடிய பயணம் ஒன்றை மேற்கொண்டார். ரகசியம் காக்க, கிருஷ்ணா என்னும் பெயரின் முதல் ஆங்கில எழுத்தையும் கடைசி எழுத்தையும் புரட்டிப் போட்டு அவரை "ஏ.கே." என்று அழைத்தார்கள். 1878-இல் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டு, லாசா வழியாக வடக்கே சென்று, சீனாவின் துன்ஹுவாங் வரை போய், 1882-இல் டார்ஜிலிங்குக்கே திரும்பினார். கொள்ளையருக்கு அஞ்சி ஒரு பகுதியைக் குதிரைமேல் கடக்க நேர்ந்தபோது, குதிரையின் முன்னங்கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணிக்கொண்டே போனார்!

அவர் கடந்த தொலைவு சுமார் 2,800 மைல். அவருடைய இடப்பெயர்ச்சி? புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றே. ஆகவே பூஜ்யம், செக்குமாட்டுக்கு உள்ளதைப் போலவே.

இந்தப் பூஜ்யம் வீணானதா? இல்லை. இத்தகைய பயணத்தில் கிழக்குப் பத்தியும் வடக்குப் பத்தியும் தனித்தனியே பூஜ்யமாக முடிய வேண்டும். முடியாமல் இரண்டு மைலோ பத்து மைலோ எஞ்சினால், எங்கேயோ எண்ணிக்கை தவறியிருக்கிறது அல்லது திசை தவறியிருக்கிறது. எவ்வளவு தவறியிருக்கிறது என்பதையும் அந்த மிச்சமே சொல்லிவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து கணக்கைச் சோதிக்கும் இம்முறையை நில அளவையாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாத் தப்படிகளும் நாம் நினைத்ததைவிட ஒரே அளவில் குட்டையாக இருந்தால், சுற்று அப்போதும் சரியாக மூடிக்கொள்ளும். படம் மட்டும் உண்மையைவிடப் பெரிதாக அமையும். காந்த ஊசி எப்போதும் ஒரே அளவு பிசகினாலும் சுற்று மூடும், படம் திரும்பியிருக்கும். ஆகவே பூஜ்யம் ஒரு சோதனைதான். முழுச் சான்று ஆகாது. காட்மாண்டு, மானசரோவர் போல் விலகி நிற்கும் இரண்டு தெரிந்த இடங்களும் வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

இந்தச் சோதனைக்குப் பள்ளி மைதானமே போதும். முதலில் 100 மீட்டர் ஓட்டப் பாதையை நடந்து, எத்தனை தப்படி ஆகிறது என்று எண்ணி, உங்கள் தப்படியின் நீளத்தைக் கண்டுகொள்ளுங்கள். ஒரு பையில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, பத்துத் தப்படிக்கு ஒன்றாக அடுத்த பைக்கு மாற்றுங்கள். திசைக்குச் சிறிய காந்த ஊசி போதும். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியும் ஆகும். மைதானத்தை ஐந்தாறு துண்டுகளாக, மனம்போல் வளைந்து சுற்றி, புறப்பட்ட மரத்தடிக்கே வந்து சேருங்கள். திரும்பும் இடங்களில் எல்லாம் தப்படியையும் திசையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வரைபடத் தாளில், 10 தப்படிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், ஒவ்வொரு துண்டையும் அதனதன் திசையில் வரைந்துகொண்டே போங்கள். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் போய் முடிகிறதா? பெரும்பாலும் முடியாது, சிறிது இடைவெளி விழும். அந்த இடைவெளியை அளந்து, மொத்தமாக நடந்த தொலைவோடு ஒப்பிடுங்கள். நூறு தப்படிக்கு இரண்டு தப்படிக்குள் இருந்தால் நீங்கள் கவனமாக நடந்தவர் என்று சொல்லலாம். மறுமுறை நடந்து அதை ஒன்றாகக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.